எட்டுப் போட்டுச் சுருட்டிய வயர்: சிற்றலை வானொலிக்கான நீள அன்ரனாவைக் கழற்றி வைக்கும் முறை

சிற்றலை றேடியோவுக்கு நீள வயர் அன்ரனா கட்டுவதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் எவ்வளவு நீளம், எந்த மரம், எந்தத் திசை என்றுதான் கேட்கிறார்கள். கழற்றிய பிறகு அதை எப்படிச் சுருட்டி வைப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மரத்தில் தொங்கிக் கெட்டுப்போன அன்ரனாவை நான் அதிகம் கண்டதில்லை. கழற்றி உருட்டிப் பைக்குள் திணிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் அநேகமான வயர்கள் சாகின்றன.

எனக்கு இதைப் பழக்கியவர் பெரியப்பா. தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எங்கள் வீடு மானிப்பாய்ப் பக்கம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றறி தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்காவது தாங்குமா என்று பார்ப்போம். அவையும் செத்த பிறகு சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் ஆடலோட்ட மின்சாரம். அதை நேரே றேடியோவுக்குக் கொடுக்க முடியாது. நடுவில் டயோட்டும் கொள்ளளவியும் வேண்டும். செத்துப்போன ரி.வி. ஒன்றின் வயிற்றுக்குள் இருந்து பெரியப்பா அவற்றைக் கழற்றி எடுத்தார். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் லண்டனும் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

இரவு 9.15 க்கு பி.பி.சி. தமிழோசை. அதற்கு முன்னும் பின்னும் மணிலாவில் இருந்து வெரித்தாஸ், மத்திய அலையில் திருச்சி 936, தூத்துக்குடி 1053 என்று வீட்டுக்கு வீடு ஒரு அட்டவணை இருந்தது. சிற்றலைக்கு றேடியோவின் சொந்தக் கம்பி போதாது. வேப்பமரத்தில் இருந்து கிணற்றடித் தூண்வரை 15 மீற்றர் வயர் இழுத்தோம். அதைப் பகலில் விட்டுவைக்க மாட்டோம். மரத்தில் வயர் தொங்கினால் யாருக்கு என்ன கேள்வி வரும் என்று தெரியாத காலம். மாரியில் இடிமின்னல் பயம் வேறு. ஆகவே பொழுதுபட்டதும் கட்டுவது, செய்தி முடிந்ததும் கழற்றுவது. பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. இருட்டில், விளக்கில்லாமல்.

முதல் கிழமையிலேயே வயரைக் கெடுத்துவிட்டேன். அம்மா கயிறு சுற்றுவதைப் பார்த்து, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே வட்டமாகச் சுற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த நாள் இழுத்தபோது வயர் முழுக்க குட்டிக் குட்டி வளையங்கள். ஒன்றை அவசரப்பட்டு இறுக்கி இழுத்தேன். வளையம் மடிந்து கூரான முடக்காகியது. இரண்டு நாளில் அந்த இடத்திலேயே முறிந்தது.

ஏன் அப்படி நடக்கிறது என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக வரும். வயரின் ஒரு முனை அசையாமல் இருக்க, மற்ற முனையை ஒரு பொருளைச் சுற்றி வட்டமாகக் கொண்டுபோனால், ஒவ்வொரு வட்டத்துக்கும் வயர் தன்னைத் தானே ஒரு தரம் முறுக்கிக்கொள்கிறது. முப்பது வட்டம் என்றால் முப்பது முறுக்கு. சுற்றிய மாதிரியே, அதே வழியில் திருப்பி அவிழ்த்தால் அந்த முறுக்குகள் கழன்றுவிடும். நாங்கள் அப்படி அவிழ்ப்பதில்லை. சுருளை நிலத்தில் போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தை நோக்கி நடக்கிறோம். சுற்றியது ஒரு விதம், அவிழ்த்தது வேறு விதம். அந்த வித்தியாசம் வயரில் வளையமாகக் கிளம்புகிறது. வளையத்தை இறுக்கினால் முடக்கு. செம்பை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி மடக்கினால் அந்த இடம் வன்மையாகி, பிறகு முறிந்துவிடும். வெளியே பிளாஸ்டிக் உறை நல்லபடி இருப்பதால் உள்ளே முறிந்தது கண்ணுக்குத் தெரியாது. றேடியோ பழுது என்று நினைத்து றேடியோவைக் கழற்றுவோம்.

"எட்டுப் போடு," என்றார் பெரியப்பா. "எட்டுப் போட்டாத்தான் நாளைக்கு உனக்குக் கரைச்சல் இல்லை."

எட்டு வடிவத்தில் சுற்றும்போது ஒரு பாதி வலப்பக்கமாக வளைகிறது, மறு பாதி இடப்பக்கமாக. முதல் பாதி ஏற்றிய முறுக்கை இரண்டாம் பாதி இறக்கிவிடுகிறது. கடைசியில் வயரில் முறுக்கே மிஞ்சாது. எந்தப் பக்கமாக இழுத்தாலும், நடந்துகொண்டே இழுத்தாலும், ஓடிக்கொண்டே இழுத்தாலும் நேராக வரும். கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கும் பட்டம் ஏற்றுகிறவர்களுக்கும் இது புதினமான விஷயம் அல்ல. தடியில் நூலை எட்டாகச் சுற்றும் கையை வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று பார்த்தால் போதும்.

பெரியப்பா செய்த பலகை இப்படி இருக்கும். ஒரு அடிக்குச் சற்றுக் கூடிய நீளம், நாலு விரல் அகலம். அதன் முகத்தில் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு மரக்குச்சிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஆணி அடிக்கவில்லை, ஆணியின் விளிம்பு உறையைக் கிழிக்கும். ஒரு ஓரத்தில் துளை ஒன்று. றேடியோவில் கவ்வும் கிளிப் உள்ள முனையை அந்தத் துளையால் ஒரு முழம் வெளியே விட்டுவிட்டு, அங்கிருந்துதான் சுற்றத் தொடங்க வேண்டும். மரத்தில் கட்டும் முனை கடைசியாக வந்து மேலே இருக்கும். அடுத்த முறை அதுதானே முதலில் தேவை? அதை மரத்தில் கட்டிவிட்டு, பலகையைக் கையில் பிடித்தபடி றேடியோவை நோக்கி நடந்தால் வயர் தானாகக் கழன்று வரும். றேடியோவை அடையும்போது கிளிப் கையில் இருக்கும். கொஞ்ச வயர் பலகையில் மிஞ்சினாலும் கேட்பதற்குப் பெரிய பாதகமில்லை. தலைகீழாகச் சுற்றினவர்கள் முழுவதையும் அவிழ்த்து முற்றத்தில் பரப்பிய பிறகுதான் தொடங்க முடியும். எங்கள் அயலில் அப்படிப் பரப்பிய வயரை ஆடு இழுத்துக்கொண்டு போனதும் உண்டு.

இறுக்கிச் சுற்றக் கூடாது. வயர் குச்சியில் சாய்ந்து கிடக்க வேண்டும், நெரிபடக் கூடாது. சுற்றும்போதே விரல்களுக்கிடையில் ஒரு பழந்துணியைப் பிடித்து வயரை அதற்குள்ளால் இழுத்தால் ஈரமும் உப்பும் தூசியும் துணியில் போகும், உறை வெடித்த இடமும் விரலுக்குத் தெரியும்.

இன்னொன்று, எண்ண வேண்டும். இந்தப் பலகையில் ஒரு எட்டுக்கு 60 சென்ரிமீற்றர் வரை செலவாகும். 15 மீற்றர் வயர் என்றால் 25 எட்டு. ஒவ்வொரு இரவும் "எண்ணினனியே?" என்று பெரியப்பா கேட்பார். இருட்டில் வயர் எங்காவது அறுந்து மரத்தில் தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். ஒரு துண்டு வயர் எங்கேயும் வாங்க முடியாத ஊரில் அது பெரிய விஷயம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு நான் எண்ணியது பத்தொன்பது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்து சனம் வெளிக்கிடத் தொடங்கியிருந்தது. மழை. என்ன எடுப்பது, எதை விடுவது என்று வீட்டுக்குள் பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னை வயரைக் கழற்றச் சொன்னார்கள். நனைந்த கயிற்று முடிச்சு அவிழவில்லை. இழுத்தேன், அறுந்தது. சுற்றிக்கொண்டே எண்ணினேன்.

"எத்தினை?"

"பத்தொன்பது."

"மிச்சம் மரத்திலை. விடு, வா."

செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் தாண்டியதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கிற பலர் அந்த றோட்டில் என்னோடு நடந்தவர்கள். பாலத்துக்கு இப்பால் எங்கேயோ அம்மாச்சி எங்கள் கையை விட்டுத் தவறிப்போனார். திரும்பிப் போய்த் தேட இடமில்லை, பின்னால் வந்த சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் இடம் பிடித்தோம்.

அன்று பின்னேரம் பெரியப்பா உரப்பைக்குள் இருந்து றேடியோவையும் பலகையையும் எடுத்தார். நான் வயரின் முனையைக் கொப்பில் கட்டிவிட்டு நடந்தேன். மிஞ்சிய பதினொரு மீற்றர் சொச்சமும் ஒரு சிக்கில்லாமல் வந்தது. ஐந்து நிமிடம் ஆகவில்லை. பக்கத்து மரத்தடியில் இருந்த குடும்பத்தாரிடமும் றேடியோ இருந்தது, எங்களுடையதைவிட நல்லது. அவர்களுடைய வயர் ஒரு சாரத்துக்குள் உருண்டையாக இருந்தது. பாவம், வெளிச்சம் போகும்வரை இருந்து சிக்கெடுத்தார்கள். கடைசியில் கத்தியால் வெட்டி ஒரு பாகத் துண்டை எடுத்தார்கள். அதில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அவர்களும் எங்கள் மாமரத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

9.15 க்கு எங்களைப் பற்றிய செய்தியை நாங்களே கேட்டோம். எந்த றோட்டால் வந்தோமோ அதன் பெயர் லண்டனில் இருந்து வந்தது. இரண்டாம் இரவு அறுபது எழுபது பேர். செய்தி முடிந்த பிறகும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. யார் யாரைத் தவறவிட்டார்கள், யாரை எங்கே கண்டார்கள் என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்கள். நாலாம் இரவு செய்தி கேட்க வந்த ஒருவர், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மானிப்பாய் ஆச்சி ஒருவர் தனிய இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், பச்சைக்கரைச் சேலை என்றார். பெரியப்பா பெடல் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழும்பினார். சைக்கிளை நிமிர்த்தினார். அன்றைக்கு மிச்சச் செய்தி ஒருவருக்கும் இல்லை.

இனி வயருக்கு வருகிறேன். சுருட்டுவதற்கு எல்லா வயரும் ஒத்துவராது. வீட்டு வயரிங் கடைகளில் 1/1.13 என்று கேட்டால் தருவது ஒற்றைக் கம்பி. நிரந்தரமாகக் கட்டிவிட நல்லது, தினமும் சுற்றி அவிழ்க்கக் கூடாது, சீக்கிரம் முறியும். மெல்லிய பல இழைகள் கொண்ட வளையும் வயர்தான் வேண்டும். ஸ்பீக்கருக்குப் பாவிக்கும் இரட்டை வயரை நடுவால் கிழித்தால் ஒரு விலைக்கு இரண்டு மடங்கு நீளம் கிடைக்கும். எரிந்துபோன மோட்டர்களில் இருந்து எடுக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி மெல்லியது, தூரத்தில் கண்ணுக்கே தெரியாது, காசும் இல்லை. ஆனால் கிளிப் கவ்வும் இடத்தில் எனாமலைப் பிளேட்டால் சுரண்ட வேண்டும். மறந்தால் ஒன்றுமே கேட்காது. படையினர் பாவிக்கும் தொலைபேசி வயரில் செம்போடு உருக்கு இழையும் இருக்கும். அறாது, ஆனால் வில்லுப் போலத் துள்ளும், பலகையில் அடங்காது.

அந்த வயரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காட்டிலோ கைவிடப்பட்ட காணியிலோ பழைய காவலரணிலோ கிடக்கும் வயரை எடுத்துச் சுருட்டாதீர்கள். மற்ற முனையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முகமாலையில் யுத்தம் முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் கண்ணிவெடி அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய இரும்பும் செம்பும் பொறுக்கப் போய்க் கையை இழந்தவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். வயர் கண்ட இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கடையில் புது வயர் பெரிய விலை இல்லை.

நீளத்தைப் பொறுத்தவரை பேராசை வேண்டாம். சோனி, டெக்சன் போன்ற நிறுவனங்கள் சிறிய சுருளில் விற்பனைக்கு விட்ட வயர் அன்ரனா 7 மீற்றர்தான். 31 மீற்றர் அலைவரிசைக்கு அது ஏறக்குறைய கால் அலைநீளம். கையடக்க றேடியோவுக்கு 7 முதல் 15 மீற்றர் போதும். அதைவிடக் கூடினால் இரவில் பலமான நிலையங்கள் உள்ளே நெருக்கியடித்து, ஒன்றின் குரல் மற்றதற்கு மேல் ஏறும். அப்படி நடந்தால் கிளிப்பை றேடியோவின் கம்பியில் நேரே கவ்வாமல், உறையோடு கூடிய வயரை அந்தக் கம்பியில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் சமாளிக்கலாம். மத்திய அலைக்கு இந்தக் கம்பி உதவாது, அதற்கு அன்ரனா றேடியோவுக்குள் இருக்கும் பெரைற் தண்டு. வயரை றேடியோவின் உடம்பைச் சுற்றி ஐந்தாறு தரம் சுற்றிப் பாருங்கள்.

உண்மையான நீள வயர் என்றால் அது வேறு உலகம். ஹரல்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கர் 1921 இல் காப்புரிமை பெற்ற அன்ரனா நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமானது. அதே ஆண்டு டிசெம்பரில் போல் கொட்லி என்பவர் ஸ்கொட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, சுமார் 400 மீற்றர் வயரை இழுத்து, அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் இருந்து அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பிய சமிக்ஞைகளைக் கேட்டார். குளிரிலும் மழையிலும் அதைக் கழற்றிச் சுருட்டியவருக்கு என் அனுதாபம்.

எங்கள் மண்ணில் கடற்காற்றின் உப்புத்தான் பெரிய எதிரி. உறை வெட்டிய முனைகளில் செம்பு பச்சை பூத்து, அந்தப் பச்சை உறைக்குள்ளேயும் ஊர்ந்து போகும். முனைகளை ஈயத்தால் ஒட்டி மூடிவிட்டால் நல்லது. முடியாவிட்டால் வருடத்துக்கு ஒரு தரம் ஒரு அங்குலம் வெட்டி விடுங்கள். ஈரத்தோடு ஒருபோதும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், ஒரு நாள் நிழலில் தொங்கட்டும். பொலிதீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று வேலையைக் காட்டும். துணிப்பை போதும். எலி இருக்கிற வீடென்றால் மூடியுள்ள தகரப் பேணி. சுருளைக் கட்ட சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பாவிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்த றப்பரில் கந்தகம் இருக்கிறது, செம்பைக் கறுக்கவைக்கும். ரப்பர் பாண்ட் ஒரு வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டிக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுவதுதான் நான் செய்வது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. மின்சாரக் கம்பிக்கு மேலாலோ கீழாலோ அருகாலோ இழுக்கக் கூடாது. இடி முழக்கம் கேட்டால் காத்திருக்கக் கூடாது, முதலில் கிளிப்பைக் கழற்றுங்கள். மின்னல் கிட்ட வந்துவிட்டால் வயரை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். முருங்கையில் கட்டாதீர்கள், கொப்பு முறியும். மரத்துக்கும் வயருக்கும் நடுவில் நைலோன் கயிறு ஒரு முழமாவது இருக்கட்டும். எல்.ஈ.டி. பல்ப், தொலைபேசி சார்ஜர் எல்லாம் சிற்றலையில் இரைவதால் வயரை வீட்டை விட்டு எவ்வளவு தள்ளிக் கொண்டுபோகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

தமிழோசை 2017 ஏப்ரல் 30 உடன் சிற்றலையை விட்டுப் போனது. அடுத்த வருடம் வெரித்தாஸும் போனது. இனி எதற்கு வயர் என்று என் மகளே கேட்டாள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். தொலைபேசியும் கைவிட்ட ஒரு இரவில் வயரைக் கட்டினேன். ஊர் முழுக்க ஒரு பல்ப்பும் எரியாததால் இரைச்சலே இல்லை. அப்படித் தெளிவாகச் சிற்றலையை நான் மானிப்பாய்க்குப் பிறகு கேட்டதில்லை. அவள்தான் கழற்றினாள். முதல் தரம் முழங்கையில்தான் சுற்றினாள்.

பெரியப்பா 1996 இல் எங்களோடு திரும்பவில்லை. வன்னிக்குப் போனார், றேடியோவும் பலகையும் அவரோடு போயின. 2009 க்குப் பிறகு மூன்றைப் பற்றியும் தகவல் இல்லை. இப்போது என்னிடம் இருப்பது நான் செய்த பலகை, அளவு அவருடையது.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இருக்கவில்லை. வேப்பமரம் நின்றது. அறுந்த ஆறு எட்டு வயரும் அதே கொப்பில் தொங்கியது. கழற்ற மனம் வரவில்லை. கயிறு எப்போதோ உக்கிப்போனது. கொப்பைச் சுற்றியிருந்த பகுதியை மரப்பட்டை மெல்ல மெல்ல மூடிவிட்டது. வெளியே தெரிவது இரண்டு முழம், உறை வெளிறி, நுனி பச்சை பூத்துப்போய்.